வாய் சொல்வதும் தட்டு சொல்வதும்

பொயிண்ட் குக்கில் எந்த வீட்டு விருந்துக்குப் போனாலும் கதை கடைசியில் சாப்பாட்டில்தான் வந்து நிற்கும். "நாங்கள் இப்ப சோறு குறைச்சிட்டம், இரவில குரக்கன்தான்" என்பார் ஒருவர். "எங்கட வீட்டில முக்கால்வாசி மரக்கறிதான்" என்பார் இன்னொருவர். இருவர் தட்டிலும் கொத்துரொட்டியும் மட்டன் ரோல்ஸும் இருக்கும். இவர்கள் வேண்டுமென்று பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. எப்படிச் சாப்பிட ஆசையோ, அதைச் சொல்கிறார்கள்.

இது எங்கட ஆட்களுக்கு மட்டும் உள்ள பழக்கமும் இல்லை. 1973இல் அமெரிக்காவின் டூசான் நகரில், தொல்லியல் பேராசிரியர் வில்லியம் ராத்ஜி வீட்டுக் குப்பைகளை ஆராயத் தொடங்கினார். மக்கள் சாப்பிட்டதாகச் சொன்னதையும் குப்பையில் கிடந்ததையும் அவரது குழு ஒப்பிட்டது. சீனி, சிப்ஸ், இனிப்பு எல்லாவற்றையும் குறைத்தே சொல்லியிருந்தார்கள். கொழுப்பு நீக்கிய பாலையும் மரக்கறி சூப்பையும் கூட்டிச் சொல்லியிருந்தார்கள்.

வியாபாரிகளும் இதில் சூடு பட்டிருக்கிறார்கள். கொழுப்புக் குறைந்த உணவு பற்றி அமெரிக்கா முழுக்கப் பேசிய காலத்தில், 1991இல், மக்டொனால்ட்ஸ் 'மக்லீன் டீலக்ஸ்' பர்கரைக் கொண்டுவந்தது. வாங்குவார் குறைவு. 1996இல் நிறுத்திவிட்டது.

இங்கே நிலைமை என்ன? வளர்ந்தவர்கள் நாளுக்கு ஐந்து, ஆறு பங்கு மரக்கறி சாப்பிட வேண்டும் என்கிறது அவுஸ்திரேலிய உணவு வழிகாட்டி. ஒரு பங்கு என்பது சமைத்ததில் அரைக் கப், ஏறத்தாழ 75 கிராம். 2022 தேசிய சுகாதார ஆய்வின்படி அந்த அளவை எட்டிய பெரியவர்கள் 6.5 சதவீதம் மட்டுமே. அதுவும் அவர்களே சொன்ன கணக்கு! காலிஃபிளவரும் ப்ரோக்கலியும் விளையும் வெரிபி சவுத் தோட்டங்கள் எங்களுக்குக் காரில் கொஞ்ச நேரத் தூரம்தான்.

எங்களுக்கு இது வெறும் பகிடி இல்லை. நீரிழிவு வரும் அபாயத்தைக் கணிக்க இங்கே 'ஓஸ்ட்ரிஸ்க்' என்ற கேள்விப் பட்டியல் இருக்கிறது. ஆசியாவில் பிறந்திருந்தால் அதில் எடுத்தவுடனேயே 2 புள்ளி. அதே பட்டியலில், மரக்கறியோ பழமோ தினமும் சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்பார்கள். இல்லையென்றால் இன்னும் 1 புள்ளி. "ஓம், தினமும்" என்று சொன்னால் தாளில் புள்ளி குறையும். இரத்தத்தில் சீனி குறையாது. இங்கு பிறந்த பிள்ளைகளும் அப்பா அம்மாவின் பேச்சை விட்டுவிட்டுத் தட்டைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள்.

ஆகவே ஒரு சின்ன வேலை செய்யுங்கோ. ஒரு கிழமைக் கடை பில்களை எறியாமல் வையுங்கோ. நாளுக்கு ஐந்து பங்கு என்றால், ஒரு பெரியவருக்குக் கிழமைக்கு இரண்டரைக் கிலோவுக்கு மேல் மரக்கறி வேண்டும். உங்கட பில்லில் எத்தனை கிலோ? அடுத்த முறை டொக்டர் கேட்டால் அந்தப் பில்லைப் பார்த்துப் பதில் சொல்லுங்கோ.