ஈயம் ஒன்றா, இரண்டா?

கோல சிலாங்கூர், செகிஞ்சான் வட்டாரத் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்கு 'ஈயக்குட்டை' என்ற சொல் புதிதல்ல. பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் போனால் சாலையின் இருமருங்கிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை குட்டைகள்தாம். 2007-இல் அவ்வூருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. குட்டைகளின் பெயர் மட்டும் மாறவில்லை.

2014-ஆம் ஆண்டு சிலாங்கூரில் கடும் நீர்ப் பற்றாக்குறை ஏற்பட்டபோது, அக்குட்டைகளின் நீர் சிலாங்கூர் ஆற்றில் இறைத்துவிடப்பட்டது. அந்த ஆற்று நீர்தான் சுத்திகரிக்கப்பட்டுக் குழாயில் வருகிறது. 'ஈயக்குட்டைத் தண்ணீரையா குடிக்கிறோம்? ஈயம் விஷமாயிற்றே!' என்று ஒருவர் கேட்டால் அதில் நியாயம் உண்டு. ஆனால், அந்தக் கேள்விக்குள் இரண்டு உலோகங்கள் ஒரே பெயரில் ஒளிந்திருக்கின்றன.

தமிழில் ஈயம் இரண்டு வகை. ஒன்று வெள்ளீயம். ஆங்கிலத்தில் இதைத்தான் 'டின்' என்கிறார்கள். பெர்ஜுந்தையிலும் பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கிலும் தோண்டி எடுத்தது இதைத்தான். மற்றொன்று காரீயம், அதாவது 'லெட்'. கார் பேட்டரியிலும், பழைய சாயங்களிலும், ஒரு காலத்தில் பெட்ரோலிலும் இருந்தது இது. உடலில் சேர்ந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பதும் இதுதான்.

சிக்கல் எங்கே வருகிறது? மலேசியத் தமிழர்கள் வெறுமனே 'ஈயம்' என்றால் அது வெள்ளீயம். 'ஈய லம்பம்', 'ஈயக்குட்டை' எல்லாமே அந்தக் கணக்குதான். தமிழகத்துப் பாடநூல்களிலும் அறிவியல் கட்டுரைகளிலுமோ 'ஈயம்' என்று மொட்டையாக எழுதினால் பெரும்பாலும் அது காரீயம். 'ஈயமற்ற பெட்ரோல்' என்று நம் நாளிதழ்களே எழுதினவே, அந்த ஈயமும் காரீயம்தான். ஆக, ஒரே பக்கத்தில் ஒரு செய்தியில் ஈயம் நாட்டைச் செழிக்க வைத்த செல்வம். பக்கத்துச் செய்தியில் அதே ஈயம் நஞ்சு!

இந்தக் குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். மலாய் மொழியில் 'தீமா' என்றால் வெள்ளீயம். 'தீமா ஹீத்தாம்', அதாவது கறுப்புத் தீமா, என்றால் காரீயம். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் வாழ்ந்த பிளினி என்ற அறிஞரும் இவ்விரண்டையும் வெள்ளை 'பிளம்பம்', கறுப்பு 'பிளம்பம்' என்றே பிரித்தெழுதினார். கண்ணால் பார்த்துப் பெயர் வைத்த காலத்தில், மூன்று மொழிகளிலும் ஒரே மாதிரி நடந்திருக்கிறது. இன்று காரீயத்துக்கு வழங்கும் 'பிபி' என்ற வேதியியல் குறியீடும் அந்தப் பிளம்பத்திலிருந்து வந்ததுதான்.

சமையலறையில் இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். ரசத்துக்கு ஈயச் சொம்பு வைத்திருக்கும் வீடுகள் இன்றும் உண்டு. அந்தச் சொம்பு வெள்ளீயத்தில் செய்யப்பட வேண்டும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் வெள்ளீயத்தால்தான். வெள்ளீயம் 232 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். அதனால்தான் வெறும் சொம்பை அடுப்பில் வைக்கக் கூடாது, புளிக்கரைசலை ஊற்றிய பிறகே வைக்க வேண்டும் என்று பாட்டிமார்கள் சொல்லிவைத்தார்கள். விலை மலிவு என்று காரீயம் கலந்த சொம்பு வீட்டுக்கு வந்துவிட்டால், புளியும் தக்காளியும் அதைக் கரைத்து ரசத்தில் சேர்த்துவிடும். காரீயம் கனமானது, மங்கலானது, காகிதத்தில் தேய்த்தால் கோடு விழும் என்பார்கள். கலப்பு உலோகத்தை அப்படிக் கண்டுபிடித்துவிட முடியாது. ஆய்வுக்கூடச் சோதனைதான் வழி. அது இல்லாத சொம்பை வாங்காமல் இருப்பதே மேல்.

'தகரம்' என்ற சொல்லும் இப்படித்தான் தடம் மாறியது. பழைய அகராதிகளில் தகரம் என்பதற்கு வெள்ளீயம் என்ற பொருளும் உண்டு. பிறகு வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு தகரமானது. பால் டின், பிஸ்கட் டின் எல்லாம் அந்த வகை. தோட்டத்து லயத்துக் கூரையும் தகரம்தானே என்றால், அதில் பூசியிருப்பது துத்தநாகம். மலாய்க்காரர்கள் அதை 'ஆத்தாப் சிங்க்' என்று சரியாகவே சொல்கிறார்கள்.

மலை கொடுத்தது, ஆறு பிரித்தது

பெர்ஜுந்தையில் கிடைத்த ஈயம் செகிஞ்சானில் ஏன் கிடைக்கவில்லை? தித்திவங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கிரானைட் பாறையால் ஆனது. அதன் வெடிப்புகளில் ஈயத் தாது உருவானது. 'கனிமம்' என்றால் மண்ணில் இயற்கையாக உண்டான பொருள். அதிலிருந்து உலோகத்தை இலாபகரமாகப் பிரித்தெடுக்க முடிந்தால் அது 'தாது'. பல இலட்சம் ஆண்டு மழையில் பாறை சிதைந்து, ஆறுகள் அதை இழுத்து வந்தன. ஈய மணல் தண்ணீரைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு கனம். சாதாரண மணல் இரண்டரை மடங்கு சொச்சம். கனமானது வழியிலேயே தங்கிவிட்டது. இலேசான களிமண் கடற்கரை வரை வந்து சேர்ந்தது. அந்தக் களிமண்ணில்தான் செகிஞ்சானின் நெல் விளைகிறது.

இப்படி ஆறு கொண்டுவந்து சேர்த்ததற்கு 'வண்டல் படிவு' என்று பெயர். அதை எடுக்கக் குகை தோண்டத் தேவையில்லை. எனவே 'ஈயச் சுரங்கம்' என்று எழுதும்போது, கோலார் தங்கவயல்போல் பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கும் இருட்டுப் பாதையை வாசகர் கற்பனை செய்துகொண்டால் அது தவறு. 2001-இல் மூடப்பட்ட கோலாரில் தமிழர்கள் இறங்கியது உண்மையான சுரங்கம். பகாங்கின் சுங்கை லெம்பிங்கும் அப்படியே. பெர்ஜுந்தையில் நடந்ததோ குட்டையில் மிதக்கும் 'கப்பால் கோரேக்' என்ற இராட்சதக் கப்பல், சங்கிலி வாளிகளால் மண்ணை வாரி அரித்த வேலை. மலாய் 'லொம்போங்' நம் வாயில் 'லம்பம்' ஆனது. இந்த வேலைக்குச் 'சுரங்க'த்தைவிட லம்பமே பொருந்துகிறது என்றால் இலக்கணப் புலவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது!

'டூலாங்' தட்டில் ஈயம் எடுத்தவர்களில் பெரும்பாலோர் சீனப் பெண்கள். அந்த வேலைக்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: அரித்தல். அரிசியைத் தண்ணீரில் சாய்த்துச் சாய்த்து அரிக்கும்போது கல் மட்டும் அடியில் தங்குகிறதல்லவா? அதே வித்தைதான். இங்கே வேண்டியது அடியில் தங்கும் கல்.

1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் பணமின்றி முடங்க, விலை சரிந்தது. லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எஞ்சியவை குட்டைகள்.

சரி, அந்தத் தண்ணீர்? 'ஈயக்குட்டை' என்ற பெயரை மட்டும் வைத்து அதில் காரீயம் இருப்பதாகச் சொல்லிவிட முடியாது. அதேபோல், 'அது வெறும் வெள்ளீயம்தான்' என்று நிம்மதி கொள்ளவும் முடியாது. ஈயத் தாதுவோடு ஆர்செனிக் கொண்ட தாதுக்களும் கலந்து வருவதுண்டு. ஆகவே கேட்க வேண்டியது, ஆர்செனிக், காரீயம், காட்மியம் ஒவ்வொன்றும் எவ்வளவு என்று சோதித்தார்களா, முடிவு என்ன என்பதே. செய்தி எழுதுவோர் இடத்துக்கேற்ப வெள்ளீயம், காரீயம் என்று முழுப் பெயரை எழுதினால் பாதிக் குழப்பம் தீரும். பேச்சில் ஈயக்குட்டை ஈயக்குட்டையாகவே இருக்கட்டும்.

இன்னொரு சொல்லுக்கு நம் பேச்சுவழக்கில் பெயரே இல்லை. ஈயத்தை அரித்த பிறகு மிஞ்சும் கனமான கறுப்பு மணலை மலாயில் 'அமாங்' என்கிறார்கள். இல்மனைட், சிர்க்கான், மோனசைட் எல்லாம் அதில் உண்டு. மோனசைட்டில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது. ஈப்போ அருகே புக்கிட் மேராவில் இயங்கிய ஆலை, மோனசைட்டிலிருந்து அருமண் தனிமங்களைப் பிரித்தெடுத்தது. கதிரியக்கக் கழிவுக்கு எதிராக அவ்வூர் மக்கள் 1985-இல் வழக்குத் தொடுத்தார்கள். ஆலை 1994-இல் மூடப்பட்டது. இதே கனிமங்கள் கலந்த மணல் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் அள்ளப்படுகிறது. அங்கே அதற்குத் 'தாது மணல்' என்று பெயர்.