குறைந்த செலவில் ஒரு மலை ரயில் யாத்திரை

கையில் சொற்பப் பணமும் முதுகில் ஒரு மூட்டையுமாக ஐரோப்பா முழுவதையும் ரயிலில் சுற்றி வரும் மாணவர்களைப் பற்றி அன்பர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். வெளிநாட்டுப் பிரயாணிகளுக்கென்று 1959-ஆம் ஆண்டில் யூரெயில் சீட்டும், ஐரோப்பிய இளைஞர்களுக்கென்று 1972-இல் இன்டர்ரெயில் சீட்டும் ஏற்பட்டன. ஒரே சீட்டு, பல தேசங்கள். ஆனால் சீட்டு மட்டும் சிக்கனத்தைக் கொண்டுவந்து விடாது. அந்த மாணவர்கள் இரவு வண்டியில் தூங்கி, விடுதி வாடகையை மிச்சம் பிடிக்கிறார்கள். பெயர் பெற்ற நகரத்தில் தங்காமல் அதற்கு முந்திய சிற்றூரில் தங்குகிறார்கள். ரொட்டியைப் பையிலேயே கொண்டு போகிறார்கள்.

உபாத்தியாயர் சம்பளத்தில் ஐந்து பேர் ஐரோப்பா போவதென்பது நடக்கிற காரியமல்ல. எனினும் மேற்படி உபாயங்கள் அந்தக் கண்டத்துக்கு மட்டும் உரியவை அல்லவே! அவற்றை நாம் நீலகிரியில் பரீட்சித்துப் பார்த்தோம். முதல் தடவை தோற்றோம். இரண்டாந் தடவை ஒருவாறு தேர்ந்தோம்.

நீலகிரி என்றதும் ஸ்விட்ஸர்லாந்தின் ஞாபகம் வருவது வெறும் உபசார வார்த்தையன்று. ஐரோப்பாவின் முதல் பற்சக்கர மலை ரயிலை 1871-இல் ரிகி மலைமேல் ஏற்றியவர் ரிக்கன்பாக் என்ற ஸ்விஸ் எஞ்சினீயர். அவரே 1882-இல் நீலகிரிக்கு வந்து, இங்கே பாதை போடுவது பற்றி யோசனை கூறினார். இறுதியில் அமைந்ததோ மற்றொரு ஸ்விஸ் நிபுணரான ரோமன் ஆப்ட் என்பவருடைய முறை. 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலும், 1908-இல் உதகமண்டலம் வரையிலும் பாதை திறக்கப்பட்டது. 46 கிலோமீட்டர் தூரம், 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். 2005-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

கல்லாறு முதல் குன்னூர் வரையில்தான் இதன் விசேஷம். அங்கே சுமார் 12 அடி நகர்ந்தால் ஓர் அடி உயர வேண்டும். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே, பற்கள் ஒன்றுக்கொன்று மாறி நிற்கும்படி இரட்டைப் பல்தண்டுகள் பதித்திருக்கிறார்கள். எஞ்சினுக்கு அடியிலுள்ள பற்சக்கரம் அவற்றைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. ஒவ்வொரு வண்டியின் முன்புறத்திலும் பிரேக்கைப் பிடித்தபடி ஒரு சிப்பந்தி காவலாக நிற்கிறார். இந்த எஞ்சினில் நமக்கு மிகவும் பிடித்த அம்சம் ஒன்றுண்டு. சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றி ஓய்ந்த நீராவியை வீணே வெளியில் விடாமல், பற்சக்கரத்தையும் சுழற்றும்படி அதனிடம் மறுபடியும் வேலை வாங்குகிறார்கள். காலையில் வடித்த கஞ்சியை மாலையில் புடவைக்குப் போடும் நம் தாய்மார்களுக்கு இது ஒன்றும் புதிய தத்துவமாகத் தோன்றாது.

பழைய எஞ்சின்கள் ஸ்விட்ஸர்லாந்தின் வின்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. இந்த நூற்றாண்டில் அதே இனத்தைச் சேர்ந்த புதிய எஞ்சின்களைத் திருச்சிராப்பள்ளிப் பொன்மலைப் பணிமனையில் நம் தொழிலாளரே செய்து கொடுத்திருக்கிறார்கள். ஸ்விஸ் தேசத்தைப் பார்க்கவில்லையே என்று ஏங்குகிறவர்கள் பொன்மலையையும் சற்று நினைத்துக்கொள்ளலாம்.

இனி நாம் தோற்ற கதை. எண்பதை நெருங்கும் நம் அன்னையாருக்கு இந்த ரயிலில் ஏற வேண்டும் என்பது நெடுநாளைய ஆசை. கோடை விடுமுறையில் போகலாமென்றால் ஸீஸன் கூட்டம். அறை வாடகையும் அப்போது மலையேறி விடுகிறது. ஆகையால் தீபாவளி விடுமுறையைத் தேர்ந்தெடுத்தோம். ஐப்பசி அடைமழையைக் கணக்கில் சேர்க்க மறந்தோம்! விடியற்காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கியபோது, கல்லாற்றுக்கு மேலே மண் சரிந்து தண்டவாளத்தை மூடிவிட்டது, இன்று மலை வண்டி இல்லை என்றார்கள். டிக்கட் பணம் திரும்பக் கிடைத்தது. பஸ்ஸில் குன்னூருக்கு ஏறினோம். பர்லியாறு தாண்டியதும் எதிர்ச்சரிவில் ரயில் பாதை இங்கொரு துண்டும் அங்கொரு துண்டுமாகத் தென்பட்டது. அன்னையார் ஜன்னல் வழியே அதையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் நமக்குப் பெருங்கஷ்டமாயிருந்தது.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் குன்னூருக்குக் கீழே இவ்விதம் நேர்வது சகஜம் என்று பின்னர் அறிந்தோம். ஆகவே இரண்டாந் தடவை தை மாதத்தைக் குறித்தோம். குளிர் கடுமைதான், உதகையில் உறைபனிகூட விழும். ஆனால் மழை ஓய்ந்திருக்கும். சால்வையும் கம்பளியும் வாடகை கேட்பதில்லை.

இடம் பிடிப்பதுதான் இதில் பெரிய காரியம். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் வழக்கமான வண்டி நாளுக்கு ஒன்றே. 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு தொடங்குகிறது; அதற்கு முன்னர் 120 நாளாக இருந்தது. பொங்கல் பயணத்துக்காகக் கார்த்திகை பிறந்த அன்றே காலை எட்டு மணிக்கு, ஸ்நானம் முதலியவற்றை முடித்துக்கொண்டு, பரீட்சை எழுதப் போகும் மாணவனைப் போல் உட்கார்ந்தோம். ஐந்து இடங்களும் கிடைத்தன. முதல் வகுப்புக்கு இரண்டாம் வகுப்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கட்டணம். ஆனால் இரண்டு வகுப்பிலும் நுழைவது ஒரே மேகந்தான். எனவே இரண்டாம் வகுப்பே எடுத்தோம். முதியோருக்கு இருந்த ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, நம்மைப் போன்ற குடும்பங்களுக்குச் சிறு நஷ்டமன்று. பாட்டிமார் யாத்திரை செய்வது ஆடம்பரம் என்று யாரேனும் நினைத்துவிட்டார்களோ என்னவோ!

சீட்டு எடுத்தது உதகைக்கு அன்று, குன்னூருக்கு. இந்த யாத்திரையில் நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதையே. பற்சக்கரப் பாதை குன்னூரோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் டீஸல் எஞ்சின்தான். குன்னூருக்கும் உதகைக்கும் இடையே தினமும் பல தடவை ரயில் உண்டு, பஸ்ஸுக்கோ குறைவே இல்லை. ஆகையால் குன்னூரில் இரண்டு இரவு தங்கி, நடுவில் ஒரு நாள் உதகைக்குப் போய்த் திரும்பினால் போதும். நாம் விசாரித்த மட்டில் குன்னூரில் அறை வாடகை குறைவாகவே இருந்தது. 1874-இல் அமைந்த ஸிம்ஸ் பூங்காவும், தேயிலைச் சரிவுகளும் ஊரை ஒட்டியே இருக்கின்றன. அவற்றுக்கு மோட்டார் வேண்டியதில்லை. மேலும், 2024 மே முதல் சொந்த வாகனத்தில் நீலகிரிக்கு வருவோர் இ-பாஸ் பெற வேண்டும் என்று உயர் நீதிமன்ற உத்தரவினால் ஏற்பட்டது. ரயிலிலும் அரசு பஸ்ஸிலும் வருவோருக்கு அந்தத் தொல்லை இல்லை.

சென்னையிலிருந்து இரவு புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலை ஆறு மணிக்கு மேல் மேட்டுப்பாளையம் சேருகிறது. மலை வண்டி ஏழு மணிக்கு மேல் கிளம்புகிறது. ஓர் இரவு விடுதிச் செலவு இவ்விதம் மிச்சமாயிற்று. புளியோதரையும் தயிர்சாதமும் எவர்சில்வர் டப்பாக்களில் வந்தன. மலையில் பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால் கூஜாவும் உடன் வந்தது. ஹில்குரோவ் ஸ்டேஷனில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நின்றபோது நம் கடைக்குட்டியின் கையிலிருந்த முறுக்கை ஒரு குரங்கு பறித்துக்கொண்டு போயிற்று. யாத்திரையில் நாம் திட்டமிடாத செலவு அது ஒன்றே.

அன்னையார் அதைக்கூடக் கவனித்ததாகத் தெரியவில்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் அவர் ஜன்னலை விட்டு அசையவில்லை. மணிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஊர்ந்தது. பாக்குமரங்கள் கீழே போயின. அருவி ஒன்று பக்கத்தில் வந்து விலகிற்று. குகை இருட்டில் குழந்தைகள் கூவும்போதெல்லாம் அவர் ஒரு விரலை மடக்கிக்கொண்டார். மறுநாள் வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று உதகைக்குப் போகும்போதும் அந்தக் கணக்குத் தொடர்ந்தது.

மூன்றாம் நாள் மாலை பஸ்ஸில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி, இரவு வண்டிக்காகக் காத்திருந்தோம். நாம் செலவுக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தோம்.

"ஏண்டா, குகை பதினாறு என்றாயே? நான் எண்ணியது பதினான்குதான்" என்றார் அன்னையார்.

"இரண்டு குகைகளில் கண்ணயர்ந்திருப்பாய், அம்மா."

"கண்ணயர்வதற்கா அவ்வளவு தூரம் வந்தேன்? அடுத்த தடவை நீயும் கூட எண்ணு, பார்ப்போம்" என்றார்.