முதுமையில் மறதி: எது இயற்கை, எது நோய்?

அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள். அவற்றை ஏறிவரும் எழுபது வயது மூதாட்டி, தாம் முதன்முதல் மலையேறிய நாளில் உடன் வந்தோரை ஒருவர் விடாமற் சொல்லுவார். காலையில் மூக்குக் கண்ணாடியை வைத்த இடமோ நினைவிற்கு வாராது. இது நோயா?

பெரும்பாலும் அன்று. வயது ஏற ஏற மூளை சிறிது சிறிதாகச் சுருங்குகிறது. புதிய செய்திகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி, மறதிநோய் இல்லாத முதியோரிடத்தும் ஆண்டிற்கு 1 முதல் 2 சதவீதம் குறைவதாகக் கணக்கிட்டுள்ளனர். ஆகவே பழகிய பெயரும் உடனே நாவில் வாராது. சற்றுப் பொறுத்தால் வரும். சொல்வளமும் கைத்தொழில் நுணுக்கமும் அவ்வளவு எளிதிற் குன்றுவதில்லை.

இவ்வாராய்ச்சிகளில் ஈடுபட்டோர் பெரும்பாலும் பல்லாண்டு பள்ளியிற் பயின்ற மேல்நாட்டார். நம் கிராமத்தாரைப் பற்றி அறியும் பொருட்டு, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சார்ந்த மூளை ஆராய்ச்சி நிலையத்தார் 2018-இல் சீனிவாசபுரம் வட்டத்தில் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். இவ்வட்டம் சித்தூர் மாவட்டத்தை மேற்கே அடுத்த கோலார் மாவட்டத்தில் உள்ளது. சித்தூரைப் போன்றே மாந்தோப்புகள் நிறைந்தது. 45 வயதும் அதற்கு மேலும் ஆன, மறதிநோயற்ற பதினாயிரம் பேரைச் சேர்த்துத் தொடர்ந்து கவனித்து வருவது இதன் நோக்கம்.

சோதிக்கும் முறையிலும் எச்சரிக்கை வேண்டும். எழுத்தறியாத முதியவரிடம் நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லி, விடை வாராவிடில் மூளை கெட்டது என்பது பெருந்தவறு. அவ்வினா கல்வியை அளக்கிறதேயன்றி ஞாபகத்தை அன்று. வீட்டில் தமிழும் கடைவீதியில் தெலுங்கும் பேசும் சித்தூர்ப் பெரியவரை எம்மொழியில் வினவுவது என்பதும் சிறிய விஷயமன்று.

அமெரிக்காவில் 120 முதியோரைக் கொண்டு நடத்திய சோதனை 2011-இல் வெளியாயிற்று. வாரம் மூன்று நாள் வீதம் ஓராண்டு நடைப்பயிற்சி செய்தோர்க்கு ஹிப்போகாம்பஸ் 2 சதவீதம் பெருத்தது. கைகால்களை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தோர்க்கு 1.4 சதவீதம் குறைந்தது. பின்வந்த சோதனைகள் யாவும் இத்துணைத் தெளிவான பயனைக் காட்டவில்லை. எனினும் நடையால் இரத்த அழுத்தம் தணிவது உறுதி. இதற்கென மலையேற வேண்டுவதில்லை, ஊர்த்தெருவே போதும்.

செவிப்புலன் குறைவு, இரத்த அழுத்தம், நீரிழிவு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு ஆகியனவும் ஞாபகத்தைக் கெடுக்கும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆதலின் பணியாளர்கள் முதலில் இவற்றையே விசாரித்தல் நலம். ஆனால் நாள்தோறும் சென்றுவந்த தெருவில் வழி தவறுதல், வழக்கமாய்ச் செய்த சமையலில் முறை மறத்தல், இப்போது கேட்டதையே மீண்டும் மீண்டும் கேட்டல் ஆகியவை தோன்றின், “வயதாயிற்று” என்று விடலாகாது. அத்தகையோரை நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புக. திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவ விஞ்ஞான நிலையத்தில் இதற்கெனத் தனித்துறை உண்டு. உடன் செல்பவர், அம்மாறுதல் எப்போது தொடங்கியது என்பதைக் குறித்துக்கொண்டு செல்வாராக.