தூரம் அதிகம், நேரம் குறைவு!

போன ஆகஸ்ட்ல அக்கா எம்.எஸ். படிக்க டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ கிளம்பினா. "எத்தனை மணி நேரம்டா ஆகும்?"னு அம்மா கேட்டாங்க. நான்தான் மெக்கானிக்கல் மூணாம் வருஷமாச்சே! 12,400 கி.மீ. தூரம், 900 கி.மீ. வேகம். வகுத்துப் பார்த்து, "14 மணி நேரம்கூட ஆகாதும்மா"ன்னு அடிச்சு விட்டேன். 15 மணி நேரம் தாண்டியும் போன் வரல. அம்மா சாப்பிடாம சாமி படத்துக்கு முன்னாடி போய் உட்கார்ந்துட்டாங்க. 16 மணி நேரத்துக்கு அப்புறம்தான் "இறங்கிட்டேன்மா"ன்னு வாட்ஸ்அப் வந்துச்சு.

என் கணக்குல வகுத்தல் சரி. வகுத்த ரெண்டு எண்ணும்தான் தப்பு.

முதல்ல அந்த 12,400. பூமி உருண்டை மேல ரெண்டு ஊரையும் ஒரு நூலால இழுத்துக் கட்டினா வர்ற தூரம் அது. பெருவட்டப் பாதை என்பார்கள். நூல் இமயமலையைத் தாண்டி, சைபீரியா, ஆர்க்டிக் கடல், அலாஸ்கான்னு வளைஞ்சு போகும். ஆனா விமானம் அப்படியே அந்த நூலைப் பிடிச்சுப் போக முடியாது. ஒரு முக்கியமான தடை திபெத். கேபின் காற்றழுத்தம் திடீர்னு குறைஞ்சா விமானம் சுமார் 10,000 அடிக்கு இறங்கணும். பயணிகளோட ஆக்சிஜன் முகமூடி சில நிமிஷம்தான் தாங்கும். திபெத்துல தரையே சராசரியா 14,000 அடிக்கு மேல. எங்கே இறங்குறது? இது போதாதுன்னு, 2025 ஏப்ரல்ல பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடினது மாதிரி அரசியலும் பாதையை வளைக்கும்.

அடுத்தது 900. அது காற்றுக்குள்ள விமானம் போற வேகம்; தரையைப் பொறுத்த வேகம் வேற. ஆத்துல பரிசல் மாதிரிதான். நீரோட்டத்தோட போனா சீக்கிரம், எதிர்த்துப் போனா லேட்டு. 9 முதல் 12 கி.மீ. உயரத்துல மேற்கிலிருந்து கிழக்கா ஜெட் ஸ்ட்ரீம் ஓடுது. குளிர்காலத்துல, அதுவும் ஜப்பான் பக்கம், அதுக்கு வேகம் ரொம்ப அதிகம்.

ஏர் இந்தியா இதே டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை முதல்ல அட்லாண்டிக் வழியா, மேற்கு நோக்கி ஓட்டுச்சு. சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபர்ல பசிபிக் வழியா, கிழக்கு நோக்கித் திருப்பினாங்க. தூரம் 15,000 கி.மீ.க்கு மேல போயிடுச்சு. ஆனா சுமார் பதினாலரை மணி நேரத்துல போய்ச் சேர்ந்தாங்க, முன்னைவிடச் சீக்கிரமா! வகுத்துப் பாருங்க: தரை வேகம் சராசரியா மணிக்கு 1,030 கி.மீ.க்கு மேல. அந்த உயரத்துல ஒலியோட வேகமே சுமார் 1,060தான். ஆனாலும் ஒலித்தடை உடையாது. சுத்தி இருக்கிற காற்றைப் பொறுத்து விமானம் அதே 900லதான் போகுது, மிச்சம் காற்று தூக்கிட்டுப் போனது. திரும்பி வரும்போதும் அட்லாண்டிக் வழியா கிழக்கு நோக்கியே வந்தாங்க. போய் வந்தா உலகத்தையே ஒரு சுத்து!

அதனால இணையத்துல தூரத்தைத் தட்டி 900ஆல வகுக்காதீங்க. டிக்கெட்ல இருக்கிற நேரத்தை நம்புங்க. ஓடுபாதைக்கு ஊர்ந்து போற நேரம், வரிசையில நிக்கிற நேரம் எல்லாம் அதுல சேர்த்தி. ஒரு ஊர்லிருந்து இன்னொரு ஊருக்குப் போகவும் வரவும் ஒரே நேரம் இருக்காது.

டிசம்பர்ல அக்கா லீவுக்கு வர்றா. அம்மா இந்தத் தடவை என்கிட்ட மணிக்கணக்கு கேட்கல. "காத்து எந்தப் பக்கம்டா அடிக்குது?"ன்னுதான் கேட்டாங்க.