அசோ பிணைப்பும் திருப்பூர்ச் சாயக்கழிவும்

அனிலீனை 0–5 செல்சியஸ் வெப்பநிலையில் சோடியம் நைட்ரைட்டுடனும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடனும் வினைப்படுத்தினால் பென்சீன் டையசோனியம் குளோரைடு கிடைக்கும். டையசோனியம் அயனி வலுக்குறைந்த எலக்ட்ரான் கவர் பொருள், பென்சீனைத் தாக்காது. ஃபீனால், அமீன் ஆகியவற்றின் எலக்ட்ரான் செறிந்த வளையத்திலேயே, பெரும்பாலும் பாரா இடத்தில், பதிலீடு நிகழ்த்தி அசோ சாயத்தைத் தரும்.

திருப்பூர்ப் பின்னலாடைகளுக்கு நிறமூட்டும் சாயங்களுள் கணிசமானவை இவ்வகையினவே. அசோ சாயங்கள் யாவும் தடைசெய்யப்பட்டவை என்னும் கருத்து பிழையானது. 1990களில் இந்திய அரசு தடைசெய்தவை 112 சாயங்கள் மட்டுமே. அசோ பிணைப்பு ஒடுக்கமடைந்து பிளவுறும்போது பென்சிடீன் முதலான தீங்குதரும் அமீன்கள் விடுபடுவதே தடைக்குக் காரணம். ஆதலால் சோதனைக்கூடங்களும் துணியைச் சோடியம் டைதயோனைட்டால் ஒடுக்கி, வெளிப்படும் அமீனையே அளக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு கிலோவுக்கு 30 மில்லிகிராம்.

ஆடைக்குக் காட்டப்படும் இக்கவனம் கழிவுநீருக்குக் காட்டப்படுவதில்லை. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. நொய்யல் ஆற்று மாசு குறித்த விவாதங்களில் உப்புச்செறிவும் நிறமுமே முன்னிற்கின்றன. காற்றில்லாத் தொட்டியில் நுண்ணுயிரிகள் அசோ பிணைப்பைப் பிளக்கும்போது நீர் தெளிகிறது. அமீனோ அதிலேயே தங்கிவிடுகிறது. கண்ணுக்குத் தூயதாகத் தோன்றும் அந்நீர் சாயநீரினும் நச்சு மிகுந்ததாகவும் இருக்கக்கூடும். தொடர்ந்து காற்றூட்டினால் பல அமீன்கள் சிதையும். சல்ஃபோனிக் தொகுதியுடைய அமீன்கள் எளிதில் சிதைவதில்லை.