கோட்டைச் சோறு படுவான்கரையிலிருந்து வரட்டும்

மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சாப்பிட என்ன கொடுக்கப்போகிறோம்? போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, ஒல்லாந்தர் 1638இல் பிடித்த கோட்டை அது. நெடுங்காலம் கச்சேரியாக இருந்தது. அந்த மாவட்டச் செயலகம் திராய்மடுவுக்குப் போன பிறகு, கோட்டையில் உணவு பரிமாறுவதைப் புதிதாக யோசிக்க நல்ல வாய்ப்பு.

கொழும்பில் ஒல்லாந்தர் கால மருத்துவமனையைப் புதுப்பித்து, 2011இல் உணவகங்களும் கடைகளுமாகத் திறந்தார்கள். கட்டடம் பிழைத்தது. ஆனால் அங்குள்ள பேர்போன நண்டு உணவகத்தில் சாதாரணக் குடும்பம் உட்கார முடியாது. வடக்கின் ‘அம்மாச்சி’ உணவகங்கள் வேறு வழி காட்டின. விவசாயத் திணைக்களம் இடம் கொடுக்கிறது. ஊர்ப் பெண்கள் கண்முன்னே சமைத்து, கைக்கெட்டும் விலையில் விற்கிறார்கள். மட்டக்களப்புக்கு இதுதான் பொருந்தும்.

சமைக்கப் பொருள் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருக்கிறது. அங்குள்ள உன்னிச்சைக் குளத்தை நம்பிச் சிறுபோகம் விளைகிறது. குளத்தில் மீன், சுற்றுவட்டாரத்தில் மாடும் எருமையும். அதே குளத்து நீர்தான் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு நகரத்துக் குழாய்களுக்கு வருகிறது. குளத்தருகே இருந்த கிராமங்களோ குடிநீருக்காக நெடுங்காலம் மன்றாடின. நகரம் பட்ட இந்தக் கடனில் கொஞ்சத்தையாவது சோற்றுக் காசாக அந்தப் பக்கம் அனுப்பவேண்டும்.

சமையல் அகழிக்கு வெளியே நடக்கட்டும். புகையும் ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் பழைய சுவரின் சுண்ணாம்புச் சாந்துக்கு ஆகாது. உள்ளே பரிமாறினால் போதும். காலையில் இலைக்கஞ்சியும் பிட்டும், மதியம் சிவப்பரிசிச் சோறும் விரால் கறியும், பின்னேரம் சட்டித் தயிரும் பாணியும். நேரத்துக்கு நாலைந்து வகைக்கு மேல் வைத்தால் வரிசை நகராது. பஸ்ஸில் வந்த கூட்டம் பசியோடு திரும்பிவிடும். நம் குளங்களில் தாமரை இலை கிடைக்கும்போது லஞ்ச் ஷீட் எதற்கு? அது காற்றில் பறந்து வாவிக்குள்தான் போகும்.

எல்லாம் டெண்டரில்தான் நிற்கிறது. அதிக வாடகை தருபவருக்கே இடம் என்றால் பெரிய கடைக்காரர்தான் வெல்வார். ரோல்ஸும் சோடாவும் வந்து குந்திக்கொள்ளும். உன்னிச்சை, ஆயித்தியமலைப் பக்கத்து மாதர் சங்கங்களுக்கு முதலுரிமை வேண்டும். வாடகைக்குப் பதில் விற்பனையில் சிறு பங்கு வாங்கலாம். அரிசி, மீன், தயிர் மூன்றையும் படுவான்கரையிலேயே வாங்கவேண்டும் என்ற நிபந்தனையையும் முதல் நாளே எழுத்தில் வையுங்கள். மாரியில் படுவான்கரையிலிருந்து வரும் வலையிறவுப் பாதையில் வெள்ளம் ஏறினால் வண்டி வராது. அந்த நாட்களுக்கென அரிசியும் கருவாடும் சேமிக்க, கோட்டைக்கு அருகிலேயே ஒரு களஞ்சிய அறை ஒதுக்குங்கள்.