வாதிடுவோர்க்கு வகுத்த விதிகள்

நமது ஊர்களிலே ஒரு மன்றம் தொடங்குவதென்றால் முதலில் அதற்குப் பெயர் வைப்பார்கள். அடுத்துத் தலைவர், செயலாளர், பொருளாளர், போஷகர் என்று பதவிகளை நிரப்புவார்கள். விதிகளை எழுதும் வேலை மட்டும் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவைக்கப்படும். அந்தப் 'பிறகு' வரும்போது பெரும்பாலும் ஒரு சச்சரவையும் கூட்டிக்கொண்டே வரும். எந்தச் சங்கத்துக்கும் பொதுவான இந்தக் குறை, வாதிடுவதையே தொழிலாகக் கொண்ட மன்றத்துக்கு நேர்ந்தால் அதன் விளைவு பெரிது. ஆகையால், ஒரு பிரதேசத்தின் பாடசாலைகளும் சனசமூக நிலையங்களும் கூடி அமைக்கும் விவாத, பேச்சுக்கலை மன்றமொன்றுக்கு எத்தகைய விதிகள் வேண்டும், அவை ஏன் வேண்டும் என்பதே இன்றைய உரையின் பொருள்.

சங்கங்களின் அமைப்பு விதிகளுக்கு ஈழத்துத் தமிழில் நாம் வழங்கும் சொல் 'யாப்பு'. செய்யுளின் கட்டுக்கோப்புக்கும் அதுவே பெயர். அசையும் சீரும் தளையும் புலவனைச் சிறைப்படுத்துவதாகத் தோன்றினும், அந்தக் கட்டுக்குள் நின்றே கம்பன் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைப் பாடினான். சங்கத்தின் யாப்பும் அத்தகையதே. பேசுபவனின் வாயை அடைப்பது அதன் வேலையன்று. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் எவர் சொல்லும் எவர் காதிலும் விழாது. ஒருவர் பேச மற்றவர் கேட்கும் ஒழுங்கை உண்டாக்குவதே அதன் வேலை.

இந்த ஒழுங்கு மேலைநாட்டிலிருந்து நமக்கு இறக்குமதியான சரக்கென்று எண்ணுவோர் மணிமேகலையின் முதற் காதையைப் படித்துப் பார்க்கலாம். இந்திர விழாவை அறிவித்து முரசறையும் வள்ளுவன், சமயவாதிகள் பட்டிமண்டபத்தின் முறைமையை அறிந்து ஏறவேண்டும் என்கிறான். அதை அடுத்து, பகைவரோடேயானாலும் சினமும் பூசலும் கொள்ளாது விலகிச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறான். வாதிட வருக, ஆனால் முறை அறிந்து வருக, பகை கொள்ளாது வருக என்ற அழைப்பு அது. வள்ளுவரும் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரத்தை வகுத்ததோடு அமையாமல், அவையறிதல், அவையஞ்சாமை என்று மேலும் இரண்டை வகுத்தார். சொல்லத் தெரிவது வேறு, அவையில் சொல்லத் தெரிவது வேறு என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

வடமொழியின் நியாய நூலாரும் இத்துறையில் நுட்பமாகச் சிந்தித்தவர்கள். உண்மையைக் காண்பதற்காக நிகழ்வது வாதம். எவ்வழியிலேனும் வெல்வதற்காக நிகழ்வது ஜல்பம். தனக்கென ஒரு கொள்கையும் நாட்டாமல் பிறர் கொள்கையை மறுப்பதையே நோக்காகக் கொண்டது விதண்டை. நாம் இன்றும் 'விதண்டாவாதம்' என்று முகஞ்சுளிப்பது இந்த மூன்றாவதைத்தான். வாதத்தில் ஒருவன் தோற்றதாகக் கொள்ளப்படும் இடங்கள் 22 என்று நியாய சூத்திரம் எண்ணிக் கூறுகிறது. எடுத்த கொள்கையைக் கைவிடுதல், பொருளற்றன பேசுதல், விடை கூறமுடியாது வாளாவிருத்தல் முதலியன அவற்றுட் சில.

ஆனால் அக்கால வாதங்களில் ஒரு பெருங்குறை இருந்தது. தோற்றவரின் கதி என்ன என்பதே அது. குண்டலகேசி ஊர்வாயிலில் நாவற்கிளை ஒன்றை நாட்டி வைத்து, தன்னோடு வாதிடத் துணிந்தவர் அதனைச் சிதைக்கலாம் என்று அறைகூவியவள். சாரிபுத்தரிடம் தோற்றதும் அவள் தன் சமயத்தை விட்டுப் பௌத்தம் புகுந்தாள். தோற்றவர் வென்றவரின் வழி நிற்கவேண்டும் என்பது அன்றைய வழக்கு. பெரியபுராணம் பாடும் மதுரை வாதத்திலோ, தோற்ற சமணர் கழுவேறினர் என்று சேக்கிழார் கூறுகிறார். அதனை வரலாறென்று கொள்வோரும் உளர், புராணக் கதையென்று கொள்வோரும் உளர். எவ்வாறாயினும், வாதில் தோற்றவனுக்கு உயிரும் உரியதன்று என்று எண்ணக்கூடிய ஓர் உலகத்தை அக்கதை நமக்குக் காட்டுகிறது. இன்று நாம் எழுதும் யாப்பின் முதல் நோக்கம் இந்த இடத்திலேதான் பிறக்கிறது. வென்றவருக்குக் கிண்ணம் கிடைக்கும், கரகோஷம் கிடைக்கும். அவருக்கு விதியின் துணை அதிகம் தேவையில்லை. தோற்றவர் தலைநிமிர்ந்து வீடு திரும்பவும், அடுத்த முறை மீண்டும் மேடையேறவும் வழிசெய்வதற்கே விதிகள் வேண்டும்.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1873 ஓகஸ்ட் 26ஆம், 28ஆம் திகதிகளில் பாணந்துறையில் நடந்த பௌத்த, கிறிஸ்தவ விவாதமே அது. மிகெட்டுவத்தே குணானந்த தேரர் ஒருபுறம். டேவிட் டி சில்வா பாதிரியாரும், இரண்டாம் நாளில் சிறிமான்ன என்ற உபதேசியாரும் மறுபுறம். ஆயிரக்கணக்கானோர் திரண்ட அந்த விவாதத்துக்கு இரு சாராரும் முன்னதாகவே நிபந்தனைகளைப் பேசி உடன்பட்டனர். காலை 8 மணி முதல் 10 மணி வரையும், பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரையும் விவாதம். ஒவ்வொருவருக்கும் ஒரு மணித்தியாலம். ஒருவர் மாறி ஒருவர். தீர்ப்புக் கூற நடுவர் எவரும் இல்லை. வெற்றி தமதே என்று பௌத்தர்கள் மகிழ்ந்தார்கள். அவ்வளவு கொதிப்பான பொருளை அவ்வளவு பெரிய கூட்டத்தின் நடுவே பேச முடிந்ததற்கு, இருவரும் ஏற்றுக்கொண்ட நேர ஒழுங்கும் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. அங்கு பேசப்பட்டவை எழுத்தில் பதிவாகி அச்சேறியதால்தான் அவை அமெரிக்கா வரை சென்றன. அந்நூலைப் படித்த ஒல்கொட் 1880இல் இலங்கைக்கு வந்ததையும் நாமறிவோம்.

இனி, பிரதேச மன்றமொன்றின் யாப்பு எவ்வாறு அமையலாம் என்று நோக்குவோம். அதில் இரு பகுதிகள் வேண்டும். முதலாவது நிருவாகம், இரண்டாவது போட்டி. இவ்விரண்டையும் கலந்து எழுதுவதால் விளையும் குழப்பம் கொஞ்சமன்று.

நிருவாகப் பகுதியில் மன்றத்தின் பெயர், நோக்கம், அங்கத்துவம், உத்தியோகத்தர், செயற்குழு, கூட்டங்கள், நிதி, யாப்புத் திருத்தம், மன்றம் கலைந்தால் சொத்து எவரைச் சேரும் என்பன இடம்பெற வேண்டும். ஒரு பிரதேசத்தில் ஆயிரம் மாணவர் படிக்கும் நகரத்துக் கல்லூரியும் இருக்கும், நூறு பிள்ளைகள் படிக்கும் தோட்டப் பாடசாலையும் இருக்கும். இரண்டுக்கும் ஒவ்வொரு வாக்கே இருத்தல் வேண்டும். ஆட்தொகைக்கு ஏற்ப வாக்கு என்று எழுதினால், சிறிய பாடசாலை அடுத்த ஆண்டே விலகிவிடும். தலைவர் பதவி பாடசாலைகளுக்கிடையே சுழன்று வருவதும், ஒருவர் தொடர்ந்து இருக்கக்கூடிய ஆண்டுகளுக்கு எல்லை இருப்பதும் நன்று. வரவுசெலவை அங்கத்தவரல்லாத ஒருவர் கணக்காய்வு செய்து வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் சமர்ப்பிக்கவேண்டும். நிறைவெண்ணை மிக உயர்த்தி வைத்தால் கூட்டமே நடவாது. மிகத் தாழ்த்தி வைத்தால் நாலுபேர் கூடி ஊருக்குத் தீர்மானம் எடுப்பார்கள்.

கூட்ட நடைமுறையைப் பற்றிப் பேசும்போது ஹென்றி மார்ட்டின் ரோபேட் என்ற அமெரிக்கப் படைப் பொறியியலாளரை நினைவுகூர வேண்டும். 1863இல் நியூ பெட்ஃபோர்ட் நகரத் தேவாலயமொன்றில் ஒரு கூட்டத்துக்குத் தலைமைதாங்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. கூட்டம் குழம்பிற்று. அதிலிருந்து தேடத் தொடங்கியவர் 1876இல் கூட்ட விதிகள் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். அதில் ஒரு விதி நம் கவனத்துக்குரியது. ஒரு தீர்மானத்தை நிறைவேற்ற ஒரு வாக்கு மிகுதியாக இருந்தாலே போதும். ஆனால் "விவாதம் போதும், இனி வாக்கெடுப்போம்" என்று பேச்சை முடித்துவைப்பதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். பெரும்பான்மை தன் எண்ணப்படி முடிவெடுக்கலாம். சிறுபான்மையைப் பேசாது தடுப்பது அதற்கு அத்தனை எளிதாயிருத்தல் கூடாது. யாப்பைத் திருத்துவதற்கும் நமது மன்றம் இதே அளவை வைத்துக்கொள்ளலாம். போட்டிகள் தொடங்கியபின் செய்யப்படும் திருத்தம் அடுத்த ஆண்டிலேயே நடைமுறைக்கு வரும் என்றும் ஒரு வரி சேர்த்துக்கொண்டால், பல ஐயங்கள் எழாமலே போய்விடும்.

போட்டிப் பகுதிக்கு வருவோம். முதலாவது, தலைப்பு. இருபுறமும் நின்று பேசத்தக்கதே விவாதத் தலைப்பு. "ஒழுக்கம் உயர்வு தரும்" என்று தலைப்பிட்டால் எதிரணியில் நிற்கும் பிள்ளை என்ன செய்யும்? "பாடசாலைகளில் பரிசளிப்பு விழாக்கள் நிறுத்தப்படல் வேண்டும்" என்றால் இருபுறமும் சொல்வதற்கு நிறைய உண்டு. எந்த அணி எந்தப் பக்கம் என்பதைத் திருவுளச்சீட்டே தீர்மானிக்க வேண்டும். தான் நம்பாத ஒன்றுக்காக ஒரு மணித்தியாலம் நியாயங்களைத் தேடிய மாணவன், அக்கருத்தை உண்மையாகவே நம்புகின்ற அயலவனைப் பிறகு ஒருபோதும் மூடன் என்று எளிதாகச் சொல்லமாட்டான்.

இரண்டாவது, நேரம். 1988இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கிய உலகப் பாடசாலை விவாதப் போட்டிகளின் விதி நல்ல மாதிரியாகும். ஓர் அணியில் பேசுவோர் மூவர்; ஒவ்வொருவருக்கும் 8 நிமிடம். இறுதியில் ஒவ்வோர் அணிக்கும் 4 நிமிடத் தொகுப்புரை. பேசுபவரை எதிரணியினர் எழுந்து நின்று சுருக்கமாக வினவலாம். ஆனால் முதல் நிமிடத்திலும் கடைசி நிமிடத்திலும் எவரும் குறுக்கிடலாகாது. வினாவை ஏற்பதும் மறுப்பதும் பேசுபவரின் உரிமை. தொடங்கும்போது தன்னைத் திரட்டிக்கொள்ளவும், முடிக்கும்போது நிறைவு செய்யவும் எவருக்கும் ஒரு நிமிட அமைதி வேண்டும் என்ற கருணை அந்த விதியில் உண்டு.

மூன்றாவது, நடுவர். அதே போட்டிகளில் 100 புள்ளிகளில் பொருளுக்கு 40, பேசும் பாங்குக்கு 40, உத்திக்கு 20 வழங்குவர். குரல் வளம் மட்டும் வெற்றி தராது, தகவல் மட்டுமும் தராது. நடுவர்கள் மூவர், ஐவர் என்று ஒற்றை எண்ணில் அமர்ந்து, ஒருவரோடொருவர் பேசாது தத்தம் புள்ளிகளை இடவேண்டும். போட்டியிடும் பாடசாலையோடு தொடர்புடையவர் நடுவராதல் ஆகாது. நமது பட்டிமன்றங்களில் கண்ணகியா, மாதவியா என்று தீர்ப்புக் கூறும் நடுவர் தம் சொந்தக் கருத்தையும் நகைச்சுவையையும் சேர்த்துப் பரிமாறுவார். அது வேறு கலை. அதன் சுவையும் வேறு. விவாதப் போட்டியின் நடுவரோ தாம் நம்புவதை வெளியில் வைத்துவிட்டு, மேடையில் பேசப்பட்டதை மட்டுமே நிறுக்கவேண்டும். முடிவை அறிவிக்கையில் அதற்கான காரணத்தையும் கூறவேண்டும். காரணம் கூறாத தீர்ப்பு தோற்ற பிள்ளைக்கு எதையும் கற்பிப்பதில்லை.

பேச்சுப் போட்டிக்கு, 1924இல் கலிபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் கழகத்தின் முறை உதவும். அவர்களது போட்டியும் கழகம், வட்டாரம் என்று படிப்படியாக மேலேறுவது. ஆயத்த உரைக்கு 5 முதல் 7 நிமிடம். 4 நிமிடம் 30 விநாடிக்குக் குறைந்தாலும், 7 நிமிடம் 30 விநாடிக்குக் கூடினாலும் போட்டியாளர் நீக்கப்படுவார். நேரம் கணிப்பவர் வேறு, நடுவர் வேறு. ஆட்சேபம் போட்டியாளரின் தகுதியையும் உரையின் சொந்தத் தன்மையையும் பற்றியே எழுப்பப்படலாம்; அதுவும் முடிவு அறிவிக்கப்படுமுன். நடுவரின் சுவையைப் பற்றி ஆட்சேபிக்க இடமில்லை. இந்த வரையறை இல்லாத இடங்களில் பரிசளிப்பு முடிந்தும் பெற்றோரின் வாக்குவாதம் முடிவதில்லை.

இறுதியாக, கூட்டறிக்கை. குண்டலகேசியை மறுத்து எழுந்த நீலகேசி இன்று நம் கையில் இருக்கிறது. குண்டலகேசியிலோ சில பாடல்களே எஞ்சியுள்ளன. மறுப்பு வாழ்ந்தது, மறுக்கப்பட்ட நூல் அழிந்தது. இரு தரப்பு வாதங்களையும் பதிந்து காப்பது செயலாளரின் கடமை என்று யாப்பு கூறவேண்டியதன் காரணம் இதுவே. 1823இல் தோன்றிய ஒக்ஸ்போர்ட் யூனியன், மன்னருக்காகவும் நாட்டுக்காகவும் போரிடமாட்டோம் என்ற பிரேரணையை 1933 பெப்ரவரியில் 275க்கு 153 வாக்குகளால் நிறைவேற்றியது. நாடே கொதித்தது. அதனைக் கூட்டறிக்கையிலிருந்து நீக்கவேண்டும் என்று அடுத்த மாதம் வந்த பிரேரணையை 750க்கு 138 வாக்குகளால் அந்த மன்றம் நிராகரித்தது. முடிவை விரும்பாதவர்களிலும் பலர், பேசியதைப் பேசவில்லை என்று அழிக்க உடன்படவில்லை எனலாம்.

அந்த யூனியனின் தலைவராக 1959இல் வீற்றிருந்தவர் இலங்கைத் தமிழரான லக்ஷ்மன் கதிர்காமர். 2005 ஓகஸ்ட் 12இல் அவர் கொழும்பில் சுட்டுக்கொல்லப்பட்டார். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்டதும் இதே நாடுதான். மாற்றுக் கருத்துக்கு உயிரையும் ஏட்டையும் விலையாகக் கொடுத்தவர்களிடம், விவாத விதி வெறும் சம்பிரதாயம் என்று எவரும் சொல்லத் தேவையில்லை.

ஆகவே, மன்றம் அமைக்க முன்வரும் ஆசிரியர்களுக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். யாப்பை எழுதி முடித்தபின் ஒருமுறை, வென்ற அணியின் தலைவராக அதைப் படியாதீர்கள். தூரத்துப் பாடசாலையிலிருந்து பஸ்ஸேறி வந்து, இரண்டு புள்ளியால் தோற்ற மாணவியாக இருந்து படித்துப் பாருங்கள். ஏன் தோற்றேன் என்பது அவளுக்கு விளங்குகிறதா? தன் நேரம் முழுவதும் தனக்குக் கிடைத்ததா? தான் சொன்னது பதிவாகியிருக்கிறதா? அடுத்த ஆண்டும் வரலாம் என்று அவளுக்குத் தோன்றுகிறதா? இந்த நான்குக்கும் 'ஆம்' என்று விடை வருமாயின் அந்த யாப்பில் தளை தட்டவில்லை.